சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

போன வருசம், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஒரு நாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். மூதூரிலிருந்து திருகோணமலை ரவுணுக்கு வந்துகொண்டிருந்தேன். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் என் பைக்கின் மீற்றரில் சிவப்பு வெளிச்சம் வந்தது. கவனிக்காமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினேன். அதுதான் பிழை. பாலம் முடிவதற்குள் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பி, பைக் நின்றேவிட்டது. 396 மீற்றர் நீளமான பாலம், இரண்டு பக்கமும் கடல்தண்ணி, மேலே வெயில். என்னிடம் இருந்தது அரைப் போத்தல் குடிதண்ணி.

அது பழசாக வாங்கிய 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். ரேடியேற்றர் உள்ள எஞ்சின். கையில் காசு சேரச் சேர அதுக்கு ஒவ்வொன்றாய்ச் சாமான் வாங்கிப் பூட்டியிருந்தேன். சத்தமான சைலன்சர், அதன் குழாயைச் சுற்றி வெள்ளைத் துணி மாதிரி ஒரு ராப், ரேடியேற்றருக்கு முன்னால் வலைக் கவசம், 'ரேசிங்' எண்டு எழுதின சிவப்பு மூடி, கீழே இரண்டு எல்இடி லைற். எல்லாம் ஒன்லைனில் வாங்கினது. சூடு குறையும் எண்டு சொல்லித்தான் பாதிச் சாமானை வித்தவங்கள்.

பைக்கை உருட்டிக்கொண்டு கிண்ணியாப் பக்கம் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த நானா ஐந்து நிமிசம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல எல்லாம் இரிக்கி தம்பி, காத்து மட்டும்தான் இல்ல."

அந்த ஒரு வசனம் என்னை விடவே இல்லை. நான் கலைப்பீடத்து ஆள், வரலாறு படிக்கிறவன். கல்வெட்டு, செப்பேடு, ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எண்டு துறைமுகத்தின் வரலாறு படிச்சிருக்கிறேன். ஆனால் இதே துறைமுகத்தைச் சுற்றி எனக்கு முன்னால் யார் யார் எஞ்சின் சூட்டோடு மல்லுக்கட்டினார்கள் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை. தேடிப் பார்த்தால், அது ஒரு பெரிய கதை.

முதலில் சின்னக் கணக்கு

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது அந்த வாயுவின் சூடு 2,000 பாகை செல்சியசைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்டிருப்பது அலுமினியக் கலவையில். சுத்த அலுமினியம் 660 பாகையில் உருகும். அப்படியென்றால் ஒவ்வொரு பைக்கும் பத்து நிமிசத்தில் உருகிப்போயிருக்க வேணும். உருகாததுக்குக் காரணம் ஒன்றுதான்: வருகிற சூட்டை யாரோ இடைவிடாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

நூறு ரூபாய்க்குப் பெற்றோல் அடித்தால், சில்லைச் சுழற்றுவதற்குப் போவது ஏறக்குறைய 25, 30 ரூபாய்தான். மிச்சமெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சரால் போகும். இன்னொரு பகுதி எஞ்சினின் உடம்பில் தங்கும். அந்தத் தங்குகிற சூட்டை இறக்குவதற்கு மூன்று வழிதான் மனுசர் கண்டுபிடித்தது. எஞ்சினில் இதழ் இதழாய்த் தகடு வைத்துக் காற்றுக்குக் கொடுப்பது ஒன்று. எஞ்சினைச் சுற்றித் தண்ணியை ஓடவிட்டு, அதை ரேடியேற்றரில் ஆற்றுவது இரண்டாவது. ஒயிலையே சுற்றிவரச் செய்து ஆற்றுவது மூன்றாவது. ஒரே கனஅளவு எடுத்தால், ஒரு பாகை சூடேறத் தண்ணி காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தை வாங்கும். அதனால்தான் வேகமான எஞ்சின்கள் தண்ணிப் பக்கம் போயின.

ஆனால் கவனியுங்கள். தண்ணி வாங்கின சூட்டையும் கடைசியில் காற்றுக்குத்தான் கொடுக்க வேணும். நானா சொன்னது இதைத்தான்.

1942: சீனக்குடாவின் வானத்தில் இரண்டு விதமான எஞ்சின்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பிரித்தானியரின் 261ஆம் படைப்பிரிவு ஹரிக்கேன் விமானங்களில் எழும்பியது. இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்திருப்போம். இப்போது எஞ்சினை மட்டும் பார்ப்போம்.

ஹரிக்கேனுக்குள் இருந்தது ரோல்ஸ் ரோய்ஸ் மேர்லின். 12 சிலிண்டர், 27 லீற்றர். எங்கள் கணக்கில் சொன்னால் 27,000 சிசி, அதாவது 180 பைக் எஞ்சின்கள் ஒன்றாய்ச் சேர்ந்த மாதிரி. அதைக் குளிர்ப்பித்தது திரவம். முந்திய மேர்லின்களில் தனி கிளைக்கோல் ஊற்றினார்கள். பிறகு தண்ணி 70 வீதம், கிளைக்கோல் 30 வீதம் எண்டு கலந்து, அதை அழுத்தத்தில் வைத்து ஓடவிடும் முறைக்கு மாறினார்கள். இன்றைக்கு நாங்கள் கடையில் 'கூலண்ட்' எண்டு வாங்கி ஊற்றுகிற சாமானின் தாத்தா அதுதான். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பைக் ரேடியேற்றரின் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணி, வளிமண்டலத்தைவிட இன்னொரு மடங்கு அழுத்தம் கொடுத்தால் சுமார் 120 பாகை வரை தாங்கும்.

எதிரே வந்த சீரோ விமானத்துக்குள் இருந்தது நகாஜிமா சகாயே. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 28 லீற்றர். 14 சிலிண்டர், பூவிதழ் மாதிரி வட்டமாய் இரண்டு வரிசையில். ரேடியேற்றர் இல்லை, தண்ணி இல்லை, வெறும் காற்று. வட்ட எஞ்சினுக்கு முன்பக்கம் அகலம், அதனால் காற்று எதிர்ப்பும் கூட. பின்வரிசைச் சிலிண்டர்களுக்குக் காற்றுப் போய்ச் சேருவதும் கஷ்டம். அதுக்காகத் தகடுகள் வைத்துக் காற்றை வழிநடத்தினார்கள். எஞ்சின் மூடியின் ஓரத்தில் திறந்து மூடுகிற மடல்களும் இருந்தன.

பிறகேன் கடற்படைகள் காற்று எஞ்சினை விரும்பின? ஜப்பான் மட்டுமில்லை, அமெரிக்கக் கடற்படையும் அதையே தேர்ந்தெடுத்தது. காரணம் லேசானது. ரேடியேற்றரிலோ அதுக்குப் போகிற குழாயிலோ ஒரு குண்டு பட்டால் போதும், திரவம் ஒழுகி, சில நிமிசத்தில் எஞ்சின் இறுகிவிடும். கீழே கடல் மட்டும் இருக்கிற இடத்தில் அந்தச் சில நிமிசம்தான் உயிர். காற்றில் ஓட்டை போட ஏலாது.

அன்றைக்கு நடந்ததுக்குக் கூலிங்தான் காரணம் எண்டு சொல்ல வரவில்லை. சீரோ பாரம் குறைந்தது, திரும்புவதில் கெட்டிக்காரன், ஓட்டினவர்கள் சீனப் போரில் பழகினவர்கள். ஹரிக்கேன்கள் பல விழுந்தன. திருகோணமலையிலிருந்து வெளியேறிய எச்எம்எஸ் ஹேர்மிஸ் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, 307 பேர் இறந்தார்கள். ஒரு ஜப்பானிய விமானம் சீனக்குடா எண்ணெய்க் குதத்தின் மேல் விழுந்தது. அந்தக் குதம் நாட்கணக்கில் எரிந்தது. அதன் வளைந்து சுருண்ட இரும்பு இன்னும் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போனால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கள் மாவட்டத்தில் இருக்கிற மிகப் பெரிய அடையாளம் அதுதான்.

ஹொண்டாவின் பிடிவாதம்

போர் முடிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதன்பிறகு எங்கள் வீதிகளுக்கு வந்த எஞ்சின்களில் பெரும்பங்கு ஜப்பானுடையவை. அதிலும் ஹொண்டா.

சொய்ச்சிரோ ஹொண்டா காற்றுக் கூலிங்கில் அசையாத நம்பிக்கை உள்ள மனுசன். அவருடைய வாதம் கேட்கச் சரியாகத்தான் இருக்கும்: தண்ணியில் ஆற்றினாலும் கடைசியில் அந்தச் சூடு காற்றுக்குத்தான் போகிறது, பிறகேன் நடுவில் தண்ணி? இந்தப் பிடிவாதத்தில் 1968இல் பந்தயக் காருக்கே காற்று எஞ்சின் வைத்தார். ஆர்ஏ 302 எண்டு பெயர். அந்தக் காரைச் சோதித்துப் பார்த்த ஜோன் சேர்ட்டீஸ், இது பந்தயத்துக்குத் தயாரில்லை எண்டு ஓட்ட மறுத்தார். அந்த வருசம் ஜூலை 7, பிரான்ஸின் ரூவன் நகரப் பந்தயத்தில் ஜோ ஷ்லெசர் அதை ஓட்டினார். ஈரமான பாதையில் கார் விலகி, மக்னீசியம் உடம்பு தீப்பிடித்து, அவர் இறந்துபோனார்.

கம்பனிக்குள் இருந்த இளம் பொறியியலாளர்கள் தண்ணிக்குத்தான் போக வேணும் எண்டு நின்றார்கள். வெளியேறும் புகையின் மாசைக் கட்டுப்படுத்துவதுக்கு எஞ்சினின் சூடு சீராய் இருக்க வேணும், காற்றால் அதைச் செய்ய ஏலாது எண்டது அவர்கள் வாதம். கடைசியில் முதலாளி விட்டுக்கொடுத்தார். 1972இல் வந்த சிவிக் கார் தண்ணிக் கூலிங். அடுத்த வருசம் அவர் பதவியிலிருந்து விலகினார். எங்களிலும் இளசுகள் இருக்கிற சங்கங்களில் இந்தக் கதையைச் சொல்லலாம். ஒரு பெரியவரின் வாதம் சரியாய் இருந்தாலும் முடிவு பிழையாய் இருக்கலாம்.

மோட்டார் சைக்கிளிலும் இதே மாற்றம். 1971இல் சுசுக்கி ஜிரி 750 எண்ட பெரிய தண்ணிக்கூலிங் பைக் வந்தபோது அமெரிக்காவில் அதுக்குத் 'தண்ணி எருமை' எண்டு பட்டம் வைத்தார்கள். 1985இல் அதே சுசுக்கி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 மூலம் மூன்றாவது வழியான ஒயில் கூலிங்கைக் காட்டியது. 2008இல் இந்தியாவில் வந்த யமஹா ஆர் 15 தண்ணிக்கூலிங்கை 150 சிசி விலைக்கு இறக்கியது. என் மாதிரிப் பொடியன்கள் ரேடியேற்றர் உள்ள பைக்கைக் கனவு காணத் தொடங்கினது அதன்பிறகுதான்.

சூடு போதாமல் இருந்த காலம்

எண்பதுகள், தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் ஓடின எம்டி 90, சிடி 125 எல்லாம் காற்றுக் கூலிங். எம்டி 90 ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டின சைக்கிள். பாவித்து முடித்ததும் இங்கே வந்தது. அந்தச் சின்ன எஞ்சின்களுக்குத் தமிழர் பகுதியில் ஒரு சோதனை காத்திருந்தது.

1990இல் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மற்றப் பகுதிகளுக்கும் பொருளாதாரத் தடை. பெற்றோல் தடை செய்யப்பட்ட சாமான். வன்னியில் 2002 வரை அந்த நிலை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. சனம் பைக்கை மண்ணெண்ணெயில் ஓட்டியது.

என் பெரியப்பா அந்தக் காலம் வன்னியில் இருந்தவர். பைக் நின்ற கதையைச் சொன்னபோது சிரித்தார். "நீ சூட்டைக் குறைக்கிறதுக்குக் காசு செலவழிக்கிறாய். நாங்கள் சூடாக்கிறதுக்குப் பட்டபாடு உனக்குத் தெரியாது தம்பி."

விசயம் இதுதான். பெற்றோல் லேசில் ஆவியாகும், நாற்பது பாகைக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேணும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாது, திவலையாய் நின்றுவிடும், பற்றாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ண வேணும். ஒரு சின்னப் போத்தலில், சில பேர் சேலைன் போத்தலில், உயிர் மாதிரிப் பாதுகாத்து வைத்த பெற்றோல். சில சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகை தெருவை மூடும்.

"நிப்பாட்டுறதுதான் பயம்," எண்டார் பெரியப்பா. "ஆஸ்பத்திரி வாசலில ஆளை இறக்கிப்போட்டும் எஞ்சினை நிப்பாட்ட மாட்டன். ஆறினால் திரும்பவும் பெற்றோல் வேணும்."

இந்த வேலைக்கு விலை இருந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை எடுத்தால், குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும். கூடினது ஒயில் இல்லை. மெலிந்துபோன அந்த ஒயிலில் ஓடினால் எஞ்சின் தேயும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, அதனால் நேரத்துக்கு முன்பே பற்றி 'டக் டக்' எண்டு அடிக்கும். அமுக்கத்தைக் குறைத்தால் அடிப்புக் குறையும் எண்டு சிலிண்டர் தலைக்குக் கீழே கனமான கஸ்கற் போடுவார்களாம். அதனால் வலு குறையும், ஆனால் ஓடும்.

இதில் ஒன்று எனக்கு ஆச்சரியம். இங்கிலாந்தில் 1949இல் வந்த பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதையேதான் செய்தது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுவது. சைலன்சர் பக்கத்துச் சூட்டால் எரிபொருளை ஆவியாக்க அதில் ஏற்பாடே இருந்தது. அதைக் கம்பனி வரைபடம் போட்டுச் செய்தது. எங்கள் ஆட்கள் வேப்பமர நிழலில், படமும் இல்லாமல், இருக்கிற சாவிகளோடு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை.

கடலில் இன்றைக்கும்

மண்ணெண்ணெய் எஞ்சின் பழங்கதை எண்டு நினைத்தால், விடிய நாலு மணிக்கு நிலாவெளிக் கரைக்கோ கொட்பே பக்கமோ போய்ப் பாருங்கள். பைபர் வள்ளங்களின் பின்னால் பூட்டியிருக்கிற வெளி எஞ்சின்களில் பெரும்பாலும் ஓடுவது மண்ணெண்ணெய்தான். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மாற்றி, கரைக்கு வருமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி நிப்பாட்டுவார்கள். அப்போதுதான் அடுத்தநாள் பற்றும்.

ஆனால் அந்த எஞ்சினுக்கு ரேடியேற்றர் இல்லை. கடலே அதன் ரேடியேற்றர். உள்ளே ஒரு ரப்பர் காற்றாடி கடல்தண்ணியை உறிஞ்சி எஞ்சினைச் சுற்றி அனுப்பி, பக்கத்து ஓட்டையால் கயிறு மாதிரித் துப்பும். கடற்றொழிலாளர் ஒருவர் வள்ளத்தைக் கிளப்பினதும் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்தத் தண்ணிக்கயிற்றைத்தான். அது மெலிந்தால் எங்கோ அடைப்பு. இப்போது அடைப்பது பெரும்பாலும் ஷொப்பிங் பை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவாவிட்டால் உப்புப் படிந்து உள்வழி சுருங்கும்.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாய் ஏறியது. பைக் ஓடுகிற எங்களுக்கு அது ஒரு செய்தி. கரையில் இருந்தவர்களுக்கு, கடலுக்குப் போவதா விடுவதா எண்ட கேள்வி.

99 குதங்களுக்குப் பக்கத்தில் நாலு லீற்றர்

சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள்: 14 குதம் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதே வருசம் ஜூலையில் நாங்கள் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, அதன் பக்கத்தில் இத்தனை குதம், நடுவில் நாலு லீற்றருக்கு நிற்கிற நாங்கள்.

பெரியப்பா அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். "இதெல்லாம் ஒரு தட்டுப்பாடே?" எண்டு மட்டும் கேட்டார்.

அதே காலத்தில் இன்னொரு கதவும் மூடியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருசம் புதுப் பைக் வரவில்லை. பழசின் விலை ஏறியது. இருக்கிறதையே பூட்டி, கழற்றி, மாற்றி ஓட வேண்டியதாய்ப் போச்சு. என் வயதுக்காரர் பலர் பைக்குக்குச் சாமான் வாங்கிப் பூட்டப் பழகினது இந்தக் காலத்தில்தான். பழக்கம் பெரியப்பாவின் காலத்துப் பழக்கம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் எதுக்கு எண்டு தெரிந்து பூட்டினார்கள். நான் எப்படித் தெரியும் எண்டு பார்த்துப் பூட்டினேன்.

நானா கழற்றினது

கராஜில் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் வலைக் கவசத்தைக் கழற்றினார். ரேடியேற்றருக்குக் கல்லடி படாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் என்னுடையதில் கண்கள் மிக நெருக்கம், அதுக்குள் பூச்சியும் மணலும் உப்பும் சேர்ந்து சுவராகியிருந்தது. பின்னால் இருந்த ரேடியேற்றர் இதழ்களும் அப்படியே. மெல்லிய தண்ணியடிப்பில் பின்பக்கமிருந்து கழுவினார். வேகமாய் அடித்தால் இதழ் மடிந்துபோகும்.

அடுத்தது விசிறி. அது சுற்றவே இல்லை. எல்இடி பூட்டின இடத்தில் அதன் வயரில் கைவைத்திருந்தார்கள். ஓடும்போது காற்று வந்துவிடும், அதனால் மாதக்கணக்காய் எனக்குத் தெரியவில்லை. வெயிலில் மெதுவாய்ப் போகும்போதும் சிக்னலில் நிற்கும்போதும்தான் விசிறி உயிர் காக்கும்.

ரேடியேற்றருக்குள் இருந்தது கிணற்றுத் தண்ணி. நான்தான் ஊற்றினேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணி கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படியும் அல்லவா, அதேதான் அதுக்குள்ளும். அந்தப் படிவு சூட்டுக்குப் போர்வை. காய்ச்சி வடித்த தண்ணியும் கூலண்டும்தான் ஊற்ற வேணும்.

சிவப்பு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கம்பனி சொன்ன அழுத்தத்தைவிடக் கூடின மூடி போட்டால் கொதிநிலை ஏறும், உண்மை. ஆனால் அந்தக் கூடின அழுத்தத்தைப் பழைய ரப்பர் குழாய் தாங்க வேணுமே. சூட்டைக் குறைக்காமல் கொதிப்பதை மட்டும் பின்போடுகிற சாமான் அது.

சைலன்சர் ராப் காலில் சூடு படாமல் காக்கும், அது பொய் இல்லை. ஆனால் அந்தத் துணிக்குள் மழைத்தண்ணியும் கடல்காற்றின் உப்பும் தங்கும். பிரித்தால் குழாய் துருவேறி உதிர்ந்தது. சத்தமான சைலன்சரைப் பற்றிச் சொன்னது: புகை லேசில் வெளியேறினால் உள்ளே காற்றும் கூட வரும், அதுக்கேற்றபடி பெற்றோலைக் கூட்டி ஒழுங்குபடுத்தாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் இன்னும் சூடாகும்.

"தேர்மோஸ்ரற்றையும் கழட்டி விடுவமா நானா? சூடு குறையும் எண்டு சொல்றாங்கள்" எண்டு கேட்டேன். அவர் தலையாட்டினார். எஞ்சினுக்குச் சூடும் வேணும். தேவையான சூட்டுக்கு வராத எஞ்சினில் ஒயில் களியாகும், பெற்றோல் வீணாகும், தேய்வு கூடும். தேர்மோஸ்ரற் எண்டது சுமார் 80 பாகை வரை தண்ணியை மறித்து வைத்துப் பிறகு திறந்துவிடுகிற கதவு. சூட்டைக் காக்கிறதும் அதுதான், போகவிடுகிறதும் அதுதான். அந்த இடத்தில் எனக்குப் பெரியப்பாவின் சேலைன் போத்தல்தான் ஞாபகம் வந்தது.

காற்றுக் கூலிங் பைக் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். எஞ்சின் இதழ்களில் சேறு காய்ந்து கிடந்தால், அதுக்கு முன்னால் லைற்றும் ஹோனும் பெட்டியும் பூட்டினால், நீங்களும் காற்றை மறிக்கிறீர்கள். ஒயில் கூலர் பூட்டுவது நல்ல வேலைதான், குழாய் மூட்டுகள் ஒழுகாமல் இருந்தால். ஒயில் ஒழுகிப் பின்சில்லில் பட்டால் சூட்டைவிடப் பெரிய ஆபத்து. அதுக்கு முதல் நேரத்துக்கு ஒயில் மாற்றுங்கள், அதைவிட மலிவான கூலிங் இல்லை.

எல்லாம் முடிய நானா வாங்கின கூலி, நான் அந்த மூடிக்குக் கொடுத்த காசைவிடக் குறைவு.

கடைசியாய்

வரலாறு எண்டால் கோட்டையும் கோயிலும் ஒப்பந்தமும் மட்டும் எண்டு நினைத்திருந்தேன். கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றுக்கும் கதை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் பைக் ஓட்டின கதையை எழுத யாரும் இல்லை. அதைச் செய்த மெக்கானிக்மார் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். எந்தச் சைக்கிளுக்கு எத்தனை கஸ்கற், மண்ணெண்ணெய்க்கு எந்தச் சூட்டில் மாற்றலாம், தண்ணிக்கயிறு மெலிந்தால் எங்கே அடைப்பு எண்ட அறிவு அவர்களுடைய கையில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு வேலை தருகிறேன், எனக்கும் சேர்த்துத்தான். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் உங்கள் அப்பாவிடம், மாமாவிடம், சந்திக் கராஜில் இருக்கிற அண்ணாவிடமோ நானாவிடமோ கேளுங்கள்: அந்தக் காலத்தில் எப்படி ஓட்டினீங்கள்? அவர் சொல்வதை ஃபோனில் பதியுங்கள். எந்த ஊர், எந்த வருசம், எந்த எஞ்சின் எண்டதையும் கேட்டு எழுதுங்கள். அவர் கையால் செய்து காட்டினால் அதையும் படம் பிடியுங்கள், சொல்லில் வராதது கையில் வரும். நான் பெரியப்பாவிடம் தொடங்கிவிட்டேன். இரண்டரை மணித்தியாலம் பேசினார். இடையில் ஒருதரம் பேச்சை நிறுத்தி, அந்தச் சேலைன் போத்தலை யார் தந்தது எண்டு யோசித்துக்கொண்டே இருந்தார். பெயர் ஞாபகம் வரவில்லை.

போன கிழமை திரும்பவும் கிண்ணியாப் பாலத்தால் வந்தேன். அதே வெயில், அதே கச்சான். பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தேன். விசிறி சுற்றத் தொடங்குகிற சத்தம் கேட்டது.